ஒரு கிளிக்குக்கு எவ்வளவு? - சின்னத் தளக்காரர்களின் விளம்பர வருமானக் கதை

"வீட்டில் இருந்தபடியே இணையத்தில் சம்பாதிக்கலாம்!" இந்த வாசகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் ஒட்டியிருக்கும், மின்னஞ்சல் பெட்டியிலும் வந்து விழும். இதில் பாதி ஏமாற்று வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீதிப் பாதி நிஜம். தனி ஆளாக ஒரு சின்ன இணையதளம் நடத்தி, அதில் விளம்பரம் போட்டு, அந்தக் காசில் வீட்டு வாடகை கட்டினவர்கள் உண்டு. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டவர்களும் உண்டு.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது, வழியில் யார் கையில் எவ்வளவு நின்றது? இதை மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் கதை சுலபமாகப் புரியும். எதை எண்ணிக் காசு கொடுக்கிறார்கள்? எண்ணுவது யார்? நடுவில் நிற்பவர் எடுத்துக்கொள்வது எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் மாற மாற, சின்னத் தளக்காரரின் பிழைப்பும் மாறியது.

முதல் பலகை

1994 அக்டோபர் 27. அமெரிக்காவில் வயர்ட் பத்திரிகைக்காரர்கள் ஹாட்வயர்ட் என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். பத்திரிகை நடத்திப் பழகியவர்கள் ஆயிற்றே! எழுதுபவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வாசகரிடம் காசு கேட்க முடியாது, அப்படியானால் விளம்பரம்தான் வழி என்று முடிவு செய்தார்கள். பக்கத்தின் மேலே நீளவாக்கில் ஒரு பட்டை. அதை அழுத்தினால் விளம்பரம் கொடுத்த நிறுவனத்தின் பக்கத்துக்குப் போகும். இன்று பேனர் என்று சொல்கிறோமே, அது பெரிய அளவில் விலைக்கு விற்கப்பட்டது அங்கேதான். ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் பேனர் அதில் மிகவும் பிரபலம். பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதை அழுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. பின்னால் வந்த பேனர்களுக்கு நூற்றில் ஒருவர் அழுத்தினாலே பெரிய விஷயம் என்றாகிவிட்டது. புதுசு என்பதால் வந்த கூட்டம் அது, அவ்வளவுதான்.

விலை பேசிய முறை அப்படியே பத்திரிகையிலிருந்து வந்தது. இத்தனை ஆயிரம் பிரதி விற்கிறது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பத்திரிகையில் கணக்குப் போடுவார்கள். இணையத்தில் ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்று போட்டார்கள். இதற்குப் பெயர் சி.பி.எம். இதில் சின்னவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மாதம் பத்தாயிரம் முறை பார்க்கப்படும் ஒரு தளத்தோடு உட்கார்ந்து விலை பேச எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் நேரம் கிடையாது. பேசி, ஒப்பந்தம் எழுதி, பில் போடும் செலவே விளம்பரத்தின் விலையைத் தாண்டிவிடும். 1996-ல் நியூயார்க்கில் தொடங்கிய டபுள்கிளிக் நிறுவனம் பல தளங்களின் விளம்பர இடங்களைச் சேர்த்து விற்றது. அதற்கும் பெரிய தளங்களே முக்கியம். சின்னத் தளக்காரர் வாசலிலேயே நின்றார்.

மனைக்காரருக்குக் காசு, வீடு கட்டியவருக்கு ஒன்றுமில்லை

அந்தக் காலத்தில் சின்னவர்கள் எங்கே இருந்தார்கள்? ஜியோசிட்டீஸ், டிரைபாட் போன்ற இலவச இடங்களில் இருந்தார்கள். பூனை வளர்ப்பு, பழைய கார், ராக் இசை, தபால்தலை என்று லட்சக்கணக்கானவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இடம் இலவசம். ஆனால் அந்தப் பக்கங்களில் வரும் விளம்பரத்தின் காசு இடம் கொடுத்த நிறுவனத்துக்கு. எழுதியவருக்கு ஒரு பைசா கிடையாது.

டிரைபாட்டில் வேலை பார்த்த ஈத்தன் ஜுக்கர்மேன் என்பவரின் கதை இந்த இடத்தில் சொல்ல வேண்டியது. ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான ஒரு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. நிறுவனம் கொதித்தது. அதற்குத் தீர்வாக, விளம்பரத்தைப் பக்கத்தோடு ஒட்டாமல் தனிச் சின்ன ஜன்னலாகத் திறக்கும் நிரலை அவர் எழுதினார். அதுதான் உலகம் முழுக்கத் திட்டு வாங்கிய பாப்-அப்! 2014-ல் அவரே தி அட்லாண்டிக் பத்திரிகையில் கட்டுரை எழுதி மன்னிப்புக் கேட்டார். 2004 வாக்கில் உலாவிகளே பாப்-அப்பைத் தடுக்க ஆரம்பித்துவிட்டன.

ஜியோசிட்டீஸை 1999-ல் யாஹூ 300 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கியது. அந்த மதிப்பை உண்டாக்கியது சாதாரண மனிதர்கள் எழுதிய பக்கங்கள். அவர்களுக்கு அதில் பங்கு இல்லை. 2009-ல் யாஹூ மூடியபோது பக்கங்களும் போயின.

இரண்டுக்கு ஒன்று

பணமே இல்லாமல் ஒரு வழி 1996-ல் வந்தது. ஹார்வர்டில் படித்து முடித்த டோனி ஷே, சஞ்சய் மதன் என்ற இரண்டு இளைஞர்கள் லிங்க் எக்ஸ்சேஞ்ச் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். விஷயம் எளிமையானது. உன் தளத்தில் மற்றவர்களின் பேனரை இரண்டு முறை காட்டு, உன் பேனர் வேறொருவர் தளத்தில் ஒரு முறை காட்டப்படும். சுத்தமான பண்டமாற்று!

இரண்டு கொடுத்து ஒன்று வாங்கினால் மீதி ஒன்று எங்கே? அது லிங்க் எக்ஸ்சேஞ்சிடம். அதைத்தான் காசு கொடுக்கும் விளம்பரதாரர்களுக்கு விற்றார்கள். அதாவது கமிஷன் 50 சதவீதம். ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. விளம்பரம் செய்யவே வழியில்லாதவருக்குப் பாதி கிடைத்தாலும் லாபம்தானே. 1998-ல் மைக்ரோசாஃப்ட் இதை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத சின்னத் தளங்கள், ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவு மதிப்பு என்பதை எல்லோரும் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

அதே 1996 ஜூலையில் அமேசான் வேறு வழி காட்டியது. தளத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதி இணைப்புக் கொடுங்கள், அதன் வழியாக யாராவது வாங்கினால் உங்களுக்குக் கமிஷன். இங்கே எண்ணுவது பார்வையையும் இல்லை, கிளிக்கையும் இல்லை, விற்பனையை. விளம்பரதாரருக்கு நஷ்டமே வராத முறை. நஷ்டம் வந்தால் அது தளக்காரருக்கு மட்டும்: ஆயிரம் பேர் படித்தும் ஒருவரும் வாங்காவிட்டால் பூஜ்யம்.

பார்வையா, கிளிக்கா?

விளம்பரம் கொடுப்பவர்கள் பக்கம் ஒரு சந்தேகம் வளர்ந்துகொண்டே இருந்தது. ஆயிரம் முறை காட்டினோம் என்கிறார்கள், யார் பார்த்தார்கள்? 1996-லேயே சோப்பு, ஷாம்பு விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள், அழுத்தியவர்களுக்கு மட்டும்தான் காசு தருவேன் என்று யாஹூவிடம் பேரம் பேசியது. தள உரிமையாளர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. விளம்பரம் சப்பென்று இருந்து யாரும் அழுத்தாவிட்டால் அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் வாங்குபவர் கை ஓங்கியிருக்கும் சந்தையில் நியாயம் எடுபடாது.

1998-ல் பில் கிராஸ் என்பவரின் கோடூ.காம் தேடுபொறி இதை ஏலமாகவே மாற்றியது. ஒரு சொல்லைத் தேடும்போது மேலே வர, கிளிக்குக்கு இத்தனை சென்ட் என்று ஏலம் கேட்க வேண்டும். யார் அதிகம் கேட்கிறாரோ அவர் மேலே. கேலி செய்தவர்கள் நிறைய. பின்னால் அதற்கு ஓவர்சூர் என்று பெயர் மாறியது. 2003-ல் யாஹூ அதை 160 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

நடுவில் 2000-ம் வருடம் வந்தது. மார்ச் 10-ல் நாஸ்டாக் குறியீடு 5,000 புள்ளிகளைத் தாண்டி உச்சிக்குப் போய், பிறகு சரிந்தது. விளம்பரம் கொடுத்தவர்களில் பெரும்பகுதி முதலீட்டுப் பணத்தில் விளம்பரம் கொடுத்த டாட்காம் நிறுவனங்கள்தான். அவை மூடியதும் பேனர் விலையும் படுத்துவிட்டது. அந்த வருட அக்டோபரில் கூகுள் ஆட்வேர்ட்ஸ் வந்தது, தொடங்கும்போது 350 விளம்பரதாரர்கள். 2002 பிப்ரவரியில் கூகுளும் கிளிக் ஏலத்துக்கு மாறியது. ஒரு சின்ன மாற்றத்தோடு: ஏலத்தொகையை மட்டும் பார்க்காமல், அந்த விளம்பரத்தை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்து வரிசை போட்டது. அதிகம் கேட்டும் யாரும் தொடாத விளம்பரம் கீழே இறங்கியது.

2003: கதவு திறந்தது

இத்தனை விளம்பரதாரர்கள் கையில் இருக்கிறார்கள், தேடல் பக்கத்தில் மட்டும் ஏன் காட்ட வேண்டும்? மற்றவர்களின் தளங்களிலும் காட்டலாமே! 2003 ஏப்ரலில் கூகுள் அப்ளைட் செமாண்டிக்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கியது. ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கணினியே புரிந்துகொண்டு பொருத்தமான விளம்பரம் போடும் தொழில்நுட்பம் அவர்களிடம் இருந்தது. ஆட்சென்ஸ் என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. 2003 ஜூனில் சின்னத் தளக்காரர்களுக்கு ஆட்சென்ஸ் திறந்துவிடப்பட்டது.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? ஹாட்வயர்ட் காலத்துச் சிக்கலை நினைத்துப் பாருங்கள். சின்னவரோடு விலை பேசும் செலவு, விளம்பர விலையைவிட அதிகம். ஆட்சென்ஸ் அந்தச் செலவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கி, நாலு வரி நிரலைப் பக்கத்தில் ஒட்டினால் முடிந்தது. மீன் தொட்டி பற்றி எழுதுபவரின் பக்கத்தில் மீன் தொட்டி விளம்பரம் தானாக வந்தது. விற்பனைப் பிரதிநிதி வேண்டாம், பில் போட வேண்டாம். கணக்கில் 100 டாலர் சேர்ந்ததும் தபாலில் காசோலை வந்தது.

ஒரு உதாரணக் கணக்கு போட்டால் நிலவரம் புரியும். தினம் 1,000 பார்வை உள்ள தளம். நூற்றில் ஒருவர் அழுத்துகிறார், ஆக 10 கிளிக். கிளிக்குக்கு விளம்பரதாரர் கொடுப்பது 20 சென்ட் என்றால் மொத்தம் 2 டாலர். அதில் தளக்காரர் பங்கு 68 சதவீதம் என்று வைத்தால் 1.36 டாலர். 100 டாலர் சேர 74 நாள் ஆகும்! தினம் ஆயிரம் பேரை வரவழைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதைச் செய்தும் மாதம் 41 டாலர்தான்.

ஆனால் கண்ணில் பட்டது வேறு. கனடாவில் பிளென்டி ஆஃப் ஃபிஷ் என்ற இலவச ஜோடி தேடும் தளத்தை ஏறக்குறைய தனி ஆளாக நடத்திய மார்கஸ் ஃபிரிண்ட், 2006-ல் தனக்கு வந்த ஆட்சென்ஸ் காசோலையின் படத்தை வெளியிட்டார். இரண்டு மாத வருமானம், 9 லட்சம் கனடிய டாலருக்கு மேல். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதைப் பார்த்துத் தளம் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். 41 டாலர் காசோலையைப் படம் எடுத்துப் போடுபவர் யாரும் இல்லை அல்லவா!

தரகரே இல்லாமல் ஒருவர்

இதே சமயத்தில் இங்கிலாந்தில் 21 வயது அலெக்ஸ் டியூ, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் படிப்பில் சேர இருந்தார். கல்விக் கடன் பயம். 2005 ஆகஸ்ட் 26-ல் மில்லியன் டாலர் ஹோம்பேஜ் என்ற ஒரே ஒரு பக்கத்தைத் தொடங்கினார். பத்து லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு ஒரு டாலர், குறைந்தது 100 புள்ளி வாங்க வேண்டும். வாங்கிய இடத்தில் படமும் இணைப்பும் போட்டுக்கொள்ளலாம். முதலில் வாங்கியவர்கள் நண்பர்களும் குடும்பத்தாரும். பிறகு பத்திரிகைகள் எழுதின, எழுதியதால் கூட்டம் வந்தது, கூட்டம் வந்ததால் விளம்பரதாரர்கள் வந்தார்கள். கடைசி 1,000 புள்ளிகள் 2006 ஜனவரியில் இபேயில் 38,100 டாலருக்கு ஏலம் போயின. மொத்த வசூல் 10,37,100 டாலர். ஐந்தே மாதம்!

அதே ஜனவரியில், பணம் கேட்டு மிரட்டிய ஒரு கூட்டம் அவர் தளத்தைத் தாக்கி முடக்கியது. அவர் பணம் கொடுக்கவில்லை. அவரைப் பார்த்து இதே மாதிரி பக்கம் தொடங்கியவர்கள் ஏராளம், அவரளவுக்கு யாரும் சம்பாதிக்கவில்லை. அவர் விற்றது இடத்தை அல்ல, செய்தியாகும் வாய்ப்பை. ஒரு செய்தி ஒரு முறைதான் புதுசு. 2017-ல் ஹார்வர்டில் ஆராய்ந்தபோது, அந்தப் பக்கத்தில் இருந்த 2,816 இணைப்புகளில் 547 செத்துப்போயிருந்தன. விளம்பரம் கொடுத்தவர்களும் பெரும்பாலும் சின்னத் தளக்காரர்கள்தான்.

கள்ளக் கிளிக்

கிளிக்குக்குக் காசு என்றால் கிளிக்கைத் திருடுவார்கள். தன் பக்கத்து விளம்பரத்தைத் தானே அழுத்துவது, நண்பர்களை அழுத்தச் சொல்வது, அதற்கென நிரல் எழுதுவது எல்லாம் வந்தன. 2004 நவம்பரில் ஆக்‌ஷன்ஸ் எக்ஸ்பர்ட் என்ற நிறுவனத்தின் மீது, தன் தளத்து விளம்பரங்களைக் கள்ளத்தனமாக அழுத்தியதற்காகக் கூகுள் வழக்குப் போட்டு, அடுத்த வருடம் 75,000 டாலர் தீர்ப்பு வாங்கியது. மறுபக்கம், கள்ளக் கிளிக்குக்கும் எங்களிடம் காசு வாங்கினீர்கள் என்று லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற அமெரிக்கக் கடை போட்ட வழக்கில், 2006-ல் கூகுள் 9 கோடி டாலர் வரை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ஆக, கள்ளக் கிளிக்கைப் பிடிக்க வேண்டியது அவசியம். யார் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்பதில்தான் சின்னவர் மாட்டிக்கொண்டார். கணக்கில் தவறான கிளிக் வந்திருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல் வரும், கணக்கு மூடப்படும். எந்தக் கிளிக், எந்தத் தேதி என்ற விவரம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் திருடர்கள் உஷாராகிவிடுவார்கள் என்பது காரணம். காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் போட்டிக்காரன் வேண்டுமென்றே வந்து அழுத்தியிருந்தாலும் தண்டனை தளக்காரருக்கே. மேல்முறையீட்டு மனுவைப் படிப்பதும் அதே நிறுவனம். கமிஷன் மண்டியில் தராசும் மண்டிக்காரருடையது, படிக்கல்லும் அவருடையது, எடையில் தகராறு வந்தால் தீர்ப்பு சொல்பவரும் அவரே என்பது போன்ற நிலைமை.

வேறு மண்டிக்குப் போகலாமே என்றால், யாஹூ 2005-ல் தொடங்கிய பப்ளிஷர் நெட்வொர்க் அமெரிக்கத் தளக்காரர்களைத் தாண்டி வரவே இல்லை. 2010-ல் அதையும் மூடிவிட்டார்கள்.

தமிழில் எழுதியவர்களுக்கு

தமிழில் தளம் வைத்திருந்தவர்கள் இந்தக் கதையில் பல வருடம் வெறும் பார்வையாளர்கள். பக்கத்தைப் படித்துப் பொருத்தமான விளம்பரம் போடும் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஆட்சென்ஸ் ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. முழுக்கத் தமிழில் எழுதிய தளத்தோடு விண்ணப்பித்தால் மொழியைக் காரணம் காட்டி மறுப்பு வரும். இந்தி 2014-லும், வங்காளம் 2017-லும் பட்டியலில் ஏறின. தமிழ் ஏறியது 2018-ல். ஆங்கிலத்தில் கதவு திறந்து 15 வருடம் கழித்து! அந்தப் 15 வருடத்தில் தமிழில் எழுதிக் குவித்தவர்கள் எல்லோரும் காசு எதிர்பார்க்காமல் எழுதியவர்கள். அதைப் பெருமை என்றும் சொல்லலாம். ஆனால் எழுத்தை நம்பிப் பிழைக்க நினைத்த எத்தனை பேர் நடுவில் நிறுத்திக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

தராசு இப்போது

2010 மே மாதம் வரை, விளம்பரதாரர் கொடுக்கும் ஒரு டாலரில் தனக்கு எவ்வளவு வருகிறது என்பதே தளக்காரருக்குத் தெரியாது. ஏழு வருடம் கமிஷன் விகிதம் தெரியாமல் சரக்குப் போட்டிருக்கிறார்கள்! அந்த மாதம்தான் கூகுள் 68 சதவீதம் தளக்காரருக்கு என்று வெளியிட்டது. லிங்க் எக்ஸ்சேஞ்சின் 50-ஐ விட நல்ல விகிதம்தான்.

ஆனால் விகிதம் மட்டும் வருமானம் ஆகாது, ஆள் வர வேண்டும். ஆளை அனுப்பும் தேடுபொறியும் அதே நிறுவனம். 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற தேடல் மாற்றம் வந்தது. அமெரிக்காவில் தேடல்களில் சுமார் 12 சதவீதம் அதனால் மாறியது. மட்டமான கட்டுரைகளைக் குவித்த பெரிய தளங்களுக்குத்தான் குறி, ஆனால் அடி சின்னவர்கள் மேலும் விழுந்தது. ஒரே இரவில் வருமானம் கரைந்தவர்கள் உண்டு. 2015-ல் ஆப்பிள் தன் போன் உலாவியில் விளம்பரத் தடுப்பான்களை அனுமதித்தது இன்னொரு அடி.

2008-ல் கூகுள் டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. விளம்பரதாரருக்கு வாங்கித் தருபவர், தளக்காரருக்கு விற்றுத் தருபவர், நடுவில் ஏலம் நடத்துபவர் மூவரும் ஒரே நிறுவனம் என்றானது. அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2025 ஏப்ரல் 17-ல் நீதிபதி லியோனி பிரிங்கெமா, தளங்களுக்கான விளம்பர சர்வர் சந்தையிலும் விளம்பர ஏலச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செய்தது என்று தீர்ப்பளித்தார். அதே செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் 295 கோடி யூரோ அபராதம் போட்டது.

இதற்கிடையில் 2024-ல் ஆட்சென்ஸ், கிளிக்குக்குப் பதில் காட்சிக்குக் காசு என்று மாறியது. பங்கையும் வேறு விதமாகச் சொன்னார்கள்: வாங்கும் பக்கத்தில் சராசரியாக 15 சதவீதம் போக, மீதியில் 80 சதவீதம் தளக்காரருக்கு. 85-ல் 80 சதவீதம் எவ்வளவு? அதே 68! முப்பது வருடம் சுற்றி, ஹாட்வயர்ட் தொடங்கிய இடத்துக்கே எண்ணும் முறை வந்து நின்றது.

எதை எண்ணுவது என்ற முதல் கேள்விக்குப் பதில் பார்வை, விற்பனை, கிளிக், மறுபடி பார்வை என்று மாறிக்கொண்டே இருந்தது. நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு, கேட்க வேண்டிய அளவு கேட்டபிறகு பதில் கிடைத்தது. யார் எண்ணுவது என்ற கேள்விக்கு மட்டும் இந்த முப்பது வருடத்தில் ஒரு முறை கூட 'தளக்காரர்' என்று பதில் வரவில்லை. விளம்பர வருமானத்தை நம்பித் தளம் தொடங்க நினைப்பவர்கள் காசோலைப் படத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு வாங்குபவரை நம்பிய கடை, அவர் நல்லவராகவே இருந்தாலும், அவர் தயவில் நடக்கும் கடைதான்.